டச்சு படிக்க இங்கிலீஷ் எதற்கு?

மருமகள் நெதர்லாந்து போய் இரண்டு வருஷம் ஆகிறது. போன மாதம் போனில், "மாமா, இந்த டச்சு எனக்கு வராது. வகுப்பை நிறுத்திடப் போறேன்" என்றாள். வார்த்தைகள் தெரியுமாம், கோத்துப் பேசத்தான் வரவில்லையாம். பேரனின் டீச்சர் முன்னால் வாயே திறப்பதில்லை என்றாள். அதுதான் எனக்கு உறுத்தியது.

முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் இலக்கணம் நடத்தியவன் நான். பாடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி, சுந்தரபாண்டியத்துத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தேன். கோளாறு எங்கே என்று பிடிபட்டது. தமிழில் நினைத்ததை இங்கிலீஷாக்கி, அதை டச்சாக்குகிறாள். சொல்லிக்கொடுப்பதும் இங்கிலீஷ் வழியாகத்தான்.

இங்கிலீஷை விட்டுவிட்டுத் தமிழிலிருந்தே போகலாம் என்பது என் கட்சி.

'உடம்பு சரியில்லாததால்' என்பதற்கு டச்சில் 'ஒம்டாட் இக் ஸீக் பென்'. அப்படியே வார்த்தைக்கு வார்த்தை வைத்தால், 'ஏனென்றால் நான் நோயாளியாக இருக்கிறேன்'. வினை கடைசியில், நம்மைப் போலவே! இங்கிலீஷில் அது நடுவில் வந்து நிற்கும். இன்னொன்று, நாம் 'நாளைக்கு ஸ்கூலுக்கு' என்போம். காலம் முன்னே, இடம் பின்னே. டச்சுக்காரரும் பெரும்பாலும் அப்படித்தான். இங்கிலீஷ்காரர்தான் திருப்பிப் போடுவார்.

முழுக்கத் தமிழ் மாதிரி என்று சொல்ல மாட்டேன். தனி வாக்கியத்தில் வினை இரண்டாம் இடத்தில் வந்தே தீரவேண்டும். 'நாளைக்கு' என்று ஆரம்பித்தால் 'நாளைக்கு வர்றேன் நான்' என்றுதான் முடிக்கணும். இங்கே இங்கிலீஷும் கைகொடுக்காது. ஆனால் நம் ஊர்ப் பேச்சில் கோபம் வந்தால் இப்படிச் சொல்வோமே! கூட இன்னொரு வினை இருந்தால் அது வாக்கியக் கடைசிக்குப் போய்விடும்: 'நான் விரும்புகிறேன் ஒரு புத்தகம் வாங்க'. பழக வேண்டியது இந்த இரண்டுதான்.

1658-லேயே தூத்துக்குடியைப் பிடித்து உட்கார்ந்தவர்கள் டச்சுக்காரர்கள். துட்டும் கக்கூஸும் அவர்கள் வார்த்தைகள்தான். அவற்றை இங்கிலீஷைக் கேட்டா வாங்கிக்கொண்டோம்?

ஆங்கிலம் தெரிந்தால் எந்த மொழியும் சுலபம் என்று நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அது தப்பு.

மருமகள் வகுப்பை விடவில்லை. போன வாரம், பையனுக்குக் காய்ச்சல் என்பதால் வரமாட்டான் என்று டீச்சரிடம் டச்சிலேயே சொன்னாளாம். டீச்சர் படபடவென்று பதில் சொன்னதில் பாதிதான் புரிந்ததாம்.