திருக்கைக்கு வீடு பார்க்கலாமா?

இந்த ஆண்டு நம் சங்கத்துப் பொங்கல் விழாவில், சர்க்கரைப் பொங்கல் வரிசையில் நிற்கும்போதே இரண்டு அன்பர்கள் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "சார், உங்கள் வீட்டில் மீன் தொட்டி இருக்கிறதாமே! எங்கள் பையன் திருக்கை வாங்கித் தரச் சொல்லி அடம் பிடிக்கிறான். வாங்கலாமா?" வரிசையில் நின்றபடி பதில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை அது. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

திருக்கை என்றால் நம் கடற்கரை ஊர்க்காரர்களுக்குப் பிள்ளை பெற்றவளுக்கு வைத்துக் கொடுக்கும் குழம்பு நினைவுக்கு வரும். கொஞ்சம் வயதானவர்களுக்குத் திருக்கைவால் சவுக்கும் நினைவுக்கு வரலாம். இங்கே வங்காளிகள் இதைச் சங்கர் மாச் என்பார்கள். ஆனால் பிள்ளைகள் கேட்கிற திருக்கை கடல் மீன் அல்ல. தென் அமெரிக்காவில் அமேசான், ஒரினோகோ, பரானா போன்ற ஆறுகளில் வாழும் நன்னீர்த் திருக்கை. பழுப்பு உடம்பில் ஆரஞ்சு வட்டங்கள் கொண்ட மோட்டோரோ ஒரு ஜாதி. பிரேசிலின் ஷிங்கு ஆற்றில் வாழும் லியோபோல்டி இன்னொன்று, கறுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி. தட்டு மாதிரி வட்டமாக, ஓரம் அலை அலையாக அசைய நீந்தும். உணவு கொடுக்க வந்தவரை அடையாளம் கண்டு கண்ணாடி ஓரம் வந்து எழும்பும். பார்த்தவர் மனம் மயங்கத்தான் செய்யும். என் பேரனும் மயங்கினான். அவன் பின்னால் நானும் மயங்கினேன்.

நான் டிப்ளமோ முடித்து ரயில்வேயில் சேர்ந்து, பெரும்பாலான சர்வீஸை டீசல் ஷெட்டிலேயே கழித்தவன். எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரை லேப்பில் சோதித்து ரிப்போர்ட் வராமல் ஒரு லோகோவையும் வெளியே அனுப்பியதில்லை. அப்படிப்பட்டவன் வீட்டில் என்ன செய்தேன் தெரியுமா? நாலடித் தொட்டி வாங்கினேன். தண்ணீர் நிரப்பினேன். குளோரின் போக மருந்து விட்டேன். இரண்டு நாள் ஃபில்டரை ஓட்டிவிட்டு, "எல்லாம் ரெடிடா, போகலாம் வா" என்று பேரனை அழைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு மோட்டோரோ குட்டி கிடைத்தது. "தொட்டிக்குத் தகுந்த அளவுதான் சார் வளரும்" என்றார் கடைக்காரர். நம்பினேன் என்று சொல்வதை விட, நம்ப விரும்பினேன் என்பதே சரி.

ஐந்தாம் நாள் அது இறாலைத் தொடவில்லை. ஏழாம் நாள் தட்டின் ஓரம் மேல்நோக்கிச் சுருண்டது. ஒன்பதாம் நாள் காலையில் போய்விட்டது. பேரன் அழவில்லை. "தாத்தா, நீங்க ரெடின்னு சொன்னீங்களே" என்றான். அவ்வளவுதான். முப்பத்தைந்து வருஷ சர்வீஸில் எந்த மேலதிகாரி கேட்ட கேள்வியும் என்னை அப்படிச் சுட்டதில்லை.

என்ன தவறு நடந்தது என்பதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். மீனின் கழிவிலிருந்து அம்மோனியா வருகிறது. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் விஷம். மூன்றாவதை வாராவாரம் தண்ணீர் மாற்றிக் குறைத்துக்கொள்ளலாம். இந்தப் பாக்டீரியாக்கள் ஃபில்டரில் குடியேறி வேலை தொடங்க நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். நான் கொடுத்ததோ இரண்டு நாள். திருக்கை நிறையத் தின்று நிறையக் கழிக்கும் ஜீவன். சாதாரண மீன்களுக்கு உள்ளது போன்ற செதிலும் அதற்குக் கிடையாது. மற்ற மீன்கள் தாங்குவதை அது தாங்காது. வியாதி வந்தால் சாதாரண மீனுக்குப் போடுகிற தாமிரம் கலந்த மருந்தே அதற்கு எமனாகிவிடும்.

சரி, பொறுமையாக ஆறு வாரம் காத்திருந்து வாங்கினால் ஆகாதா என்று கேட்பீர்கள். பேரனும் அதைத்தான் கேட்டான். நாங்கள் இருவரும் பேப்பரும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

வளர்ந்த மோட்டோரோவின் உடம்பு ஒன்றரை அடி அகலம் தாண்டும். வாலைச் சேர்க்காமல் சொல்கிறேன். அது சிரமமில்லாமல் திரும்ப எட்டடி நீளம், மூன்றடி அகலமாவது தொட்டி வேண்டும். இரண்டடி தண்ணீர் நிரப்பினால் 48 கன அடி. கன அடிக்கு 28.3 லிட்டர் வீதம் தண்ணீர் மட்டும் ஏறக்குறைய 1,360 கிலோ. குடியிருப்புத் தளங்கள் சதுர மீட்டருக்கு 200 கிலோ சுமைக்குக் கணக்கிட்டுக் கட்டப்படுபவை. அந்தத் தொட்டி உட்காரும் இடத்துக்கு அது சுமார் 450 கிலோ ஆகிறது. தண்ணீரே அதைப் போல மூன்று மடங்கு. கண்ணாடி, மணல், இரும்பு ஸ்டாண்டு எல்லாம் அதற்கு மேல். நான் மெக்கானிக்கல் ஆசாமி. பீம் எங்கே போகிறது என்று சிவில் இன்ஜினியர் பார்த்துச் சொல்லாமல் மூன்றாம் மாடியில் இதை வைக்க நான் யாருக்கும் சம்மதம் சொல்ல மாட்டேன்.

அடுத்தது மின்சாரம். ஃபில்டர் சில மணி நேரம் நின்றால் பாக்டீரியா மூச்சுத் திணறிச் சாகத் தொடங்கும். 2020 மே மாதம் ஆம்பன் புயல் அடித்தபோது எங்கள் தெருவில் மூன்று நாள் கரண்ட் இல்லை. குடிக்கத் தண்ணீருக்கே பக்கெட்டோடு அலைந்தோம். அப்போது ஒரு திருக்கை இருந்திருந்தால்?

எல்லாவற்றுக்கும் மேலாக நம் வாழ்க்கை முறை. நாம் ஊர் விட்டு ஊர் வந்தவர்கள். கோடை விடுமுறையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஒரு மாதம் ஊருக்குப் போகிறவர்கள். துளசிக்குத் தண்ணீர் ஊற்றப் பக்கத்து வீட்டு பௌதி இருக்கிறார். வாராவாரம் நானூறு லிட்டர் தண்ணீர் மாற்ற அவரைக் கேட்க முடியுமா? அதுவும் வாலில் விஷமுள் உள்ள பிராணியின் தொட்டியில் கை விட்டு? குத்தினால் வலி தாங்க முடியாது. தோல் பொறுக்கும் சூட்டு வெந்நீரில் கையை அமிழ்த்திக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். திடீரென்று டிரான்ஸ்ஃபர் வந்தால் கட்டில், பீரோவை லாரியில் ஏற்றலாம். திருக்கையை யார் வாங்கிக்கொள்வார்கள்?

இந்தக் கேள்விக்குச் சிலர் கண்டுபிடிக்கும் விடைதான் மிகவும் மோசம். ராத்திரியில் கொண்டுபோய் ஏரியில் விட்டுவிடுகிறார்கள். சிங்கப்பூரின் அப்பர் செலத்தார் நீர்த்தேக்கத்தில் இப்படி விடப்பட்ட திருக்கைகள் குட்டி போட்டுப் பெருகிவிட்டன. இவை முட்டையிடுவதில்லை, குட்டியே போடும். நம் கிழக்குக் கல்கத்தாவின் மீன் பண்ணைகளிலும், தொட்டியிலிருந்து தப்பிய அமேசான் கெளுத்தி புகுந்து பெருகி மீனவர்களை வாட்டுகிறது. நம் வீட்டுப் பிள்ளையின் ஆசைக்கு இன்னொருவர் பிழைப்பு பலியாக வேண்டுமா?

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையில் லியோபோல்டி உட்படச் சில நன்னீர்த் திருக்கைகள் 2022-இல் சேர்க்கப்பட்டன. நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதே ஆண்டில் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. அதன் அட்டவணையில் உள்ள அயல்நாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர்கள் அரசிடம் தெரிவித்துப் பதிவு செய்ய வேண்டும். கடைக்காரர் பில்லும் தராமல் காகிதமும் தராமல் பையில் போட்டுக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

தரைத்தளத்தில் சொந்த வீடு, இன்வெர்ட்டர், வருஷம் முழுவதும் வீட்டில் ஆள், பத்துப் பதினைந்து வருஷம் பார்த்துக்கொள்ளும் மனசு, இவை எல்லாம் உள்ளவர்கள் வளர்க்கட்டும். நான் குறுக்கே நிற்கவில்லை. நம்மில் பெரும்பாலோருக்கு அது இல்லை. இல்லை என்பதைப் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். வெறுமனே "வேண்டாம்" என்றால் அடம் பிடிப்பார்கள். கணக்கைப் போட்டுக் காட்டினால் புரிந்துகொள்வார்கள்.

எங்கள் வீட்டு நாலடித் தொட்டி காலியாக இல்லை. ஏழு வாரம் மீன் இல்லாமல் ஓட்டினோம். பேரன் தினமும் தண்ணீரைச் சோதித்து ஒரு நோட்டில் எழுதி வந்தான். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் என்று தொடர்ந்து பத்து நாள் எழுதிய பிறகு, பத்துக் கப்பி மீன் வாங்கினோம். இந்த முறை "ரெடி" என்று சொன்னவன் நானல்ல, அவன். நோட்டின் முதல் பக்கத்தில் திருக்கை வந்த தேதியையும் போன தேதியையும் எழுதி வைத்திருக்கிறான். கிழித்துவிடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

திருக்கை வாங்க நினைக்கும் அன்பர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பையனோடு எங்கள் வீட்டுக்கு வாருங்கள். காபி சாப்பிட்டுக்கொண்டே அந்த நோட்டைப் பார்க்கலாம்.