வயிற்றெரிவுக்கு மாத்திரை மட்டும் போதாது



கடந்த மாதக் கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு ஒரு மாதர் தலைவி என்னைத் தனியாக அழைத்தார். "டீச்சர், ஆறு மாசமா நெஞ்சு வரைக்கும் எரியுது. டிஸ்பென்சரில மருந்து குடுக்குறாங்க. ரெண்டு நாளைக்கு நல்லா இருக்கு, பொறகு அதே கதைதான்" என்றார். "ராத்திரி தூக்கம் வருதா?" என்று கேட்டேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மகளின் நகை அடகில் மூழ்கப் போகிறது, கொழும்புக்கு வேலைக்குப் போன மகனிடமிருந்து பேச்சில்லை. ஆறு மாதமாக அவரிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை.

வகுப்பறையிலும் இதையே பார்க்கிறேன். புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கினால் இரண்டு மூன்று பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார்கள். நடிக்கிறார்கள் என்று முன்பு நானும் நினைத்தேன். அந்த வலி உண்மையானது.

பயம் வந்தால் வயிற்றில் புளியைக் கரைக்கிறது என்கிறோம். நல்ல செய்தி வந்தால் வயிற்றில் பால் வார்த்தது என்கிறோம். வைத்தியமும் இன்று அதையே சொல்கிறது. குடற்சுவரில் கோடிக்கணக்கான நரம்புக் கலங்கள் இருக்கின்றன. மூளைக்கும் வயிற்றுக்கும் இடையே வேகஸ் என்ற நரம்பு ஓடுகிறது. அதன் இழைகளில் பெரும்பாலானவை வயிற்றின் செய்தியை மூளைக்குக் கொண்டு போகின்றன. மனம் கெட்டால் வயிறு கெடும். வயிறு கெட்டால் மனமும் கெடும்.

கனடாவில் வோக்கர்டன் என்ற சிற்றூரில் 2000ஆம் ஆண்டு மே மாதம் பெருமழை பெய்து, மாட்டெரு கலந்த நீர் குடிநீர்க் கிணற்றில் இறங்கியது. 2,000க்கு மேற்பட்டோர் நோயுற்றார்கள், 7 பேர் இறந்தார்கள். வயிற்றோட்டம் நின்ற பிறகும் பலருக்கு வயிற்று வலியும் குடல் கோளாறும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தன. ஏற்கெனவே மனச்சோர்வும் பதற்றமும் இருந்தவர்களே அதில் அதிகம் அகப்பட்டார்கள். மழைக்குப் பின் கலங்கி வரும் பீலித் தண்ணீரைக் குடிக்கும் நமக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

அதற்காக "எல்லாம் மனக்கவலைதான்" என்று நம்மைத் திருப்பி அனுப்பவும் இடங்கொடுக்கக் கூடாது. வயிற்றுப் புண்ணுக்குக் கவலையே காரணம் என்றுதான் வைத்தியர்களும் நெடுங்காலம் நம்பினார்கள். அவுஸ்திரேலிய வைத்தியர் பரி மார்ஷல் 1984இல் ஒரு கிருமியைத் தானே குடித்து, இரைப்பை அழற்சி வந்து, அந்தக் கிருமியின் வேலையைக் காட்டினார். 2005இல் அவருக்கும் ரொபின் வொரனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கிருமிக்கு இன்று மருந்து உண்டு. நெருக்கமான வீடுகளிலும் சுத்தமான தண்ணீர் இல்லாத இடங்களிலும்தான் அது அதிகம் பரவுகிறது. பத்தடிக் காம்பராவில் ஆறேழு பேர் படுக்கும் லயம் அதற்குத் தோதான இடம்.

ஆகவே வயிற்றெரிவு ஒரு தொழிற்சங்கப் பிரச்சினை. மலையில் மலசலகூடம் இல்லாததால் நம் பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் கொழுந்து எடுக்கிறார்கள். மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் அதனால் வருகின்றன. நிறை காணாதோ, அரைப்பேர் போட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் பகல் ரொட்டியைப் பாதியில் மடிக்கிறார்கள். கீரையும் பருப்பும் கௌப்பியும் குடலுக்கு நல்லவை என்று சொல்லிக் கொடுப்பது சுலபம். அவற்றை வாங்கச் சம்பளம் கட்டுபடியாக வேண்டும்.

நிர்வாகத்திடம் நாம் கேட்க வேண்டியவை நான்கு. வேலை செய்யும் மலைக்கு அருகே மலசலகூடமும் கைகழுவத் தண்ணீரும். லயங்களுக்கு வரும் குடிநீருக்கு ஒழுங்கான பரிசோதனை. குறைக்கப்படாத பகல் சாப்பாட்டு நேரம். தோட்ட வைத்தியசாலைக்கு மாதந்தோறும் வைத்தியர் வருகை, அதில் மனநலத்துக்கும் இடம்.

நம் கையில் இருப்பவற்றையும் செய்வோம். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் குடிப்போம். கைகால் வலி மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதிருப்போம். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் குறைவாகவே சேரும், ஒரு மணி நேரம் பொறுத்துக் குடிப்போம். சம்பள நாளில் குடிக்கும் சாராயம் கவலையைப் போக்காது. வயிற்றையும் மனதையும் சேர்த்தே அரிக்கும். மலம் கறுத்துப் போனாலோ, இரத்தம் வாந்தியெடுத்தாலோ, காரணமின்றி உடம்பு மெலிந்தாலோ தாமதிக்காமல் அரசாங்க வைத்தியசாலைக்குப் போக வேண்டும். மனப்பாரம் தாங்க முடியாதவர்கள் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழைத்துப் பேசலாம்.

நம் சங்கமும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கூட்டங்களில் சம்பளக் கணக்கு பேசுகிறோம், சந்தாக் கணக்கு பேசுகிறோம். பக்கத்தில் இருப்பவர் தூங்கினாரா, சாப்பிட்டாரா என்று கேட்பதில்லை. அந்தத் தலைவியை அடுத்த நாளே நகர வைத்தியசாலைக்கு அழைத்துப் போனோம். அடகுக் கடை விடயத்தைத் தோட்டக் கமிட்டி பொறுப்பெடுத்திருக்கிறது. எரிவு இன்னும் முழுதாக நிற்கவில்லை. ஆனால் இப்போது இரவில் கொஞ்சம் தூங்குகிறாராம்.

வரும் கூட்டத்தை அந்தக் கேள்வியோடு தொடங்குவோம், தோழர்களே.