பித்தளை கிட்டாருக்குப் பழைய மெருகு... கடற்காற்று முந்திக்கொள்ளாமல் இருக்க என்ன செய்யலாம்?

கோவளத்தில் கடலோரம் குடியிருப்பவர்களிடம் 'விண்டேஜ் லுக்' என்று சொன்னால் சிரிப்பார்கள். ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், கேட் தாழ்ப்பாள் என எல்லாமே அங்கே யாரும் கேட்காமல் தானாகவே பழசாகிவிடும். கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் வரும் வழியில் உப்பளங்களைப் பார்த்தவர்களுக்குக் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. காற்றிலேயே உப்பு!

சர்ஃபிங்கோடு இசையும் சேர்ந்த திருவிழா நடந்த கடற்கரை இது. இப்படிப்பட்ட ஊரில் உலோக உடல் கொண்ட ரெசனேட்டர் கிட்டாரை வைத்திருப்பவருக்கு, அதைப் பழைய மெருகுக்கு மாற்றிப் பார்க்கும் ஆசை வந்தால்? செய்யலாம். ஆனால், பழசாக்குவது சுலபம். ஆரம்பித்ததை நிறுத்துவதுதான் கஷ்டம்.

சத்தத்துக்காகப் பிறந்த கிட்டார்

ஒலிபெருக்கி பரவாத 1920-களில், மேடையில் மற்ற வாத்தியங்களுக்கு நடுவே கிட்டார் சத்தம் காணாமல் போனது. அமெரிக்காவில் ஜார்ஜ் பீச்சம் என்ற கலைஞர், இன்னும் உரக்கக் கேட்கும் கிட்டார் வேண்டும் என்று ஜான் டோப்யேராவிடம் போனார். ஸ்லோவாக்கியாவிலிருந்து குடியேறிய கைவினைஞர் அவர். கிட்டாருக்குள் மெல்லிய அலுமினியக் கூம்புகளை வைத்தார். தந்தியின் அதிர்வு கூம்புக்குப் போய், ஸ்பீக்கர் போல ஒலி பெருகியது. 1927-ல் லாஸ் ஏஞ்சல்ஸின் நேஷனல் நிறுவனம் மூன்று கூம்புகள் கொண்ட கிட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடுத்து ஒற்றைக் கூம்பு வகையும் வந்தது.

மடியில் படுக்கவைத்து, தந்தி மேல் உலோகக் கட்டையை வழுக்கி வாசிப்பது இதன் ஒரு பாணி. நம் கோட்டுவாத்தியத்தைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இந்த ஓசை அந்நியமாக இருக்காது.

நேஷனலின் 'ஸ்டைல் ஓ' மாடலில், நிக்கல் முலாம் பூசிய உடல் மீது தென்னை மரங்களோடு ஹவாய் கடற்கரைக் காட்சி பொறிக்கப்பட்டிருக்கும். டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் குழுவின் 1985 ஆல்பமான 'பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்' அட்டையில், மேகங்களுக்கு நடுவே மிதப்பது இந்த வகை கிட்டார்தான். பழைய மெருகு என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது இந்த மங்கலான நிக்கல் பளபளப்பே.

உங்கள் கிட்டார் என்ன உலோகம்?

வேலையைத் தொடங்கும் முன் இதைத் தெரிந்துகொள்வது முக்கியம்.

ஜெர்மன் சில்வர்: பெயரில்தான் வெள்ளி. உள்ளே இருப்பது செம்பு, நிக்கல், துத்தநாகம். மெதுவாக மங்கும்.

முலாம் பூசிய பித்தளை: நிக்கல் முலாம் நாளடைவில் மென்மையான சாம்பல் நிறத்துக்கு வரும். முலாமில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் உப்பு உள்ளே இறங்கி, பித்தளையில் பச்சைக் களிம்பு பிடிக்கும்.

முலாம் பூசிய இரும்பு: கடற்கரையில் அதிகக் கவனம் தேவைப்படுவது இதற்குத்தான். அடியில் துரு கிளம்பினால் முலாமைத் தூக்கிக்கொண்டு கொப்பளிக்கும். 'துருப்பிடித்த ஸ்டைல்' படங்களைப் பார்த்து இரும்பு உடலில் வேண்டுமென்றே துரு ஏற்றுவதைக் கோவளம் போன்ற ஊரில் தவிர்ப்பதே நல்லது. துருவுக்குள் தங்கிவிட்ட உப்பு, மேலே மெழுகு பூசினாலும் அடியில் வேலையைத் தொடரும்.

சிலைகளுக்கும் இதே எதிரி

செம்பில் களிம்பு இருப்பது போல உயிரில் மலம் இருக்கிறது என்று சைவ சித்தாந்தம் உவமை சொல்லும். அந்தக் களிம்பில் இரண்டு ரகம் உண்டு. கெட்டியாகப் படிந்து, அடியில் உள்ள உலோகத்தைக் காக்கும் பழுப்புப் படலம் ஒன்று. வெளிர்பச்சைப் பொடியாக உதிர்ந்து, உலோகத்தை அரித்துக்கொண்டே போவது இன்னொன்று. இந்த இரண்டாவது ரகத்துக்கு அருங்காட்சியகங்களில் 'வெண்கல நோய்' என்றே பெயர். காரணம், உப்பில் இருக்கும் குளோரைடு.

சென்னை எழும்பூர் அருங்காட்சியகம், தன்னிடமுள்ள வெண்கலச் சிலைகளை இந்த அரிப்பிலிருந்து காக்க 1930-லேயே வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் தொடங்கியது. அங்கே எஸ்.பரமசிவன் மின்னாற்பகுப்பு முறையில் சிலைகளுக்குச் சிகிச்சை அளித்தார். மண்ணுக்குள் கிடந்த சிலையை அரித்த அதே குளோரைடுதான் கோவளம் மாடி அறையில் மாட்டியிருக்கும் கிட்டாரையும் தேடி வருகிறது.

உங்கள் கிட்டாரில் இருப்பது எந்த ரகம்? மெல்லிய துணியால் துடைத்துப் பாருங்கள். துடைத்த இடத்திலேயே சில நாளில் பச்சைப் பொடி திரும்பினால் அரிப்பு நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் அழகு வேலை வேண்டாம், முதலில் அதை நிறுத்த வேண்டும்.

உடலை விடுங்கள், மூடியைத் தொடுங்கள்!

மொத்த உடலையும் மாற்றுவதைவிட, கூம்பை மூடியிருக்கும் வட்டத் தகட்டை மட்டும் மாற்றுவது புத்திசாலித்தனம். பல மாடல்களுக்கு இந்த மூடித் தகடு தனியாகவே கிடைக்கிறது. முலாம் இல்லாத பித்தளைத் தகடாக வாங்கிப் பழசாக்கிக்கொண்டால், பிடிக்காதபோது பழைய தகட்டையே மாட்டிவிடலாம். 1930-களின் அசல் கிட்டார் கையில் இருந்தால் முலாமைச் சுரண்டவே கூடாது. அந்த மங்கலுக்காகத்தான் அதற்கு மதிப்பு.

* தந்திகளை ஒரேயடியாக வெட்டாமல் மெதுவாகத் தளர்த்திக் கழற்றுங்கள். ஒற்றைக் கூம்பு வகையில் தந்தியின் அழுத்தம்தான் கூம்பை இடத்தில் வைத்திருக்கிறது.
* கூம்பைத் தேய்க்கவோ, பாலீஷ் போடவோ கூடாது. கிட்டாரின் குரலே அதுதான். சின்ன நசுங்கல் கூட ஓசையை மாற்றிவிடும்.
* தகட்டில் லாக்கர் பூச்சு இருந்தால் அதை நீக்கிய பிறகே நிறம் ஏறும். முதலில் உள்பக்கத்தில் சோதித்துப் பாருங்கள்.
* வினிகரோடு உப்பு சேர்த்துப் பச்சை நிறம் வரவைக்கும் முறை பிரபலம். ஆனால், கடற்கரையில் இருப்பவர்கள் உப்பைத் தாங்களே பூசுவது வம்பை விலைக்கு வாங்குவது. பழுப்பு நிறம் போதும் என்று இருப்பதே பாதுகாப்பு.
* நினைத்த நிறம் வந்ததும் சோடா உப்பு கரைத்த நீரில் கழுவி, நல்ல நீரில் அலசி, முழுக்க உலர்த்தி, மெழுகு பூசுங்கள். வேலை நிற்பது இந்தக் கட்டத்தில்தான்.

டாய்லெட் கழுவும் ஆசிட் பக்கமே போகாதீர்கள். அதன் புகை அறையிலுள்ள மற்ற உலோகங்களையும் துருப்பிடிக்க வைக்கும். பிளீச்சோடு சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும். எந்த ரசாயனமானாலும் கையுறை, திறந்தவெளி இரண்டும் கட்டாயம். குழந்தைகள் அருகில் இருக்கக் கூடாது.

தினமும் இரண்டு நிமிடம்

வாசித்து முடித்ததும் பருத்தித் துணியால் உடலையும் தந்தியையும் துடைக்க வேண்டும். வியர்வையிலும் உப்புதானே! சுவரில் மாட்டாமல், சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்ட பெட்டியில் வைக்கலாம். ஈரம் ஏறிய பொட்டலங்களை அவ்வப்போது மாற்றுங்கள். குத்துவிளக்குக்குப் போடும் புளியும் பாத்திரம் விளக்கும் பொடியும் முலாம் பூசிய கிட்டாருக்கு ஆகாது. கீறல் விழுந்தால் அந்த வழியாக உப்பு நுழையும்.

கடலைப் பார்த்த ஜன்னல் இருக்கிற வீடா? அப்படியென்றால் இன்று இரவு பெட்டியைத் திறந்து, தகட்டின் திருகாணிகளைச் சுற்றி ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள். பச்சை தெரிந்தால், மெருகு பற்றிய யோசனையைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு துணியை எடுங்கள்.