பழைய மொபெட்டில் பேட்டரி மாட்டினால் லாபமா, வம்பா?

பொன்னமராவதி:-

பெட்ரோல் விலை ஏறினால் போதும். "பழைய வண்டியில் என்ஜினைக் கழற்றிப் போட்டு விட்டு, மோட்டாரும் பேட்டரியும் மாட்டினால் என்ன?" என்ற பேச்சு கிளம்பி விடும்.

இது புதுப் பேச்சு அல்ல. இரண்டாம் உலகப் போர் நடந்தபோது பெட்ரோல் கிடைக்கவில்லை. அப்போது கரியை எரித்து, அந்த வாயுவில் பஸ் ஓட்டிய நாடு இது. தட்டுப்பாடு வந்தால் தமிழன் மூளை வேலை செய்யும்!

2021 ஜூலையில் சென்னையில் ஒரு லிட்டர் பெட்ரோல் 100 ரூபாயைத் தாண்டியது. அதன் பிறகு பேச்சு டீக்கடையோடு நிற்கவில்லை. செல்போனில் படம் பார்த்து விட்டு, வீட்டுத் திண்ணையிலேயே ஸ்பானரைக் கையில் எடுத்தவர்கள் உண்டு.

பொன்னமராவதி ரெயில் இல்லாத ஊர். புதுக்கோட்டை போக சுமார் 40 கிலோ மீட்டர். கொன்னையூர், காரையூர், வலையப்பட்டி என்று சுற்று வட்டாரத்தில் இருந்து கடைக்கும் ஆபீசுக்கும் வந்து போகிறவர்களுக்கு பஸ்சை விட்டால் இரு சக்கர வண்டிதான் கதி. ஆகவே இங்கே இது வேடிக்கைப் பேச்சு அல்ல. வயிற்றுப்பாட்டுக் கணக்கு.

வண்டியை மாற்ற முடியுமா? முடியும். லாபமா? கணக்கில் லாபம்தான். பிறகு வம்பு எங்கே? இரண்டு இடத்தில். ஒன்று பேட்டரி. இன்னொன்று ஆர்.சி. புத்தகம்!

கணக்கு என்ன?

பழைய மொபெட் லிட்டருக்கு 50 கிலோ மீட்டர் கொடுக்கிறது என்று வைத்துக் கொள்வோம். லிட்டர் 100 ரூபாய் என்றால் கிலோ மீட்டருக்கு 2 ரூபாய்.

48 வோல்ட், 24 ஆம்பியர் மணி பேட்டரியில் அடங்குவது ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். சார்ஜரில் வீணாவதையும் சேர்த்தால் ஒன்றரை யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் போட்டாலும் 12 ரூபாய். அதில் 35 கிலோ மீட்டர் ஓடினால் கிலோ மீட்டருக்கு 35 காசு. வீட்டு இணைப்புக்கு இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால், சிலருக்கு அதுவும் குறையும்.

இத்தோடு கணக்கை முடித்து விட்டு எழுந்தால் ஏமாற வேண்டியதுதான்! பேட்டரி ஒரு நாள் செத்துப் போகும். பேட்டரிக்கு 30 ஆயிரம் ரூபாய் கொடுத்து, அது 30 ஆயிரம் கிலோ மீட்டர் ஓடினால், கிலோ மீட்டருக்கு ஒரு ரூபாய் கூடும். அப்படியும் 65 காசு மிச்சம். அதே பேட்டரி 10 ஆயிரம் கிலோ மீட்டரில் படுத்து விட்டால்? கிலோ மீட்டருக்கு 3 ரூபாய்! பெட்ரோலே தேவலை.

ஆக, லாபம் பெட்ரோலில் இல்லை. பேட்டரி எத்தனை நாள் உயிரோடு இருக்கிறது என்பதில்தான் இருக்கிறது.

எதை மாட்டுகிறார்கள்?

பின் சக்கரத்துக்குள்ளேயே அடங்கிய மோட்டார், அதற்கு மின்சாரத்தை அளந்து விடும் கண்ட்ரோலர், கைப்பிடியில் திருகும் திராட்டில், பேட்டரி, சார்ஜர். சாமான் அவ்வளவுதான்.

ஈயப் பேட்டரி விலை குறைவு. ஆனால் நான்கு பேட்டரி சேர்ந்தால் 30 கிலோவுக்கு மேல் கனக்கும். தினமும் அடிமட்டம் வரை தீர்த்தால் சீக்கிரம் போய் விடும். 1993-ல் வெளிவந்த "லவ்பேர்ட்" என்ற பேட்டரி கார் நினைவிருக்கலாம். கேரளத்துச் சாலக்குடியிலும் நம் கோவையிலும் வேலை நடந்து உருவான கார். ஈயப் பேட்டரியில் ஓடிய அது சந்தையில் நிலைக்கவில்லை.

லித்தியம் பேட்டரி எடை குறைவு, ஆயுள் அதிகம். ஆனால் அதற்கு ஒரு காவலாளி வேண்டும். 48 வோல்ட் பேட்டரி என்பது பல சிறு செல்களின் கூட்டம். அதில் ஒரு செல் அளவுக்கு மீறி சார்ஜ் ஆனாலோ, சூடானாலோ, உடனே தொடர்பைத் துண்டிக்கிற கட்டுப்பாட்டுப் பலகைக்குத்தான் பி.எம்.எஸ். என்று பெயர். காசு மிச்சம் என்று அதை விட்டு விடுகிறவர்கள், வீட்டுக்குள் அடுப்பைப் பற்ற வைத்து விட்டுத் தூங்குகிறார்கள் என்றே சொல்ல வேண்டும்.

"இழுக்கவே மாட்டேங்குதுண்ணே!"

வீட்டில் மாற்றிய வண்டிகளில் வரும் கோளாறுகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான்.

வண்டி நகரவே இல்லை என்றால் முதலில் பிரேக் சுவிட்சைப் பார்க்க வேண்டும். பிரேக் பிடித்தால் மோட்டார் நிற்பதற்காக வைத்த சுவிட்ச் அது. அது சிக்கிக் கொண்டால், பிரேக் பிடித்திருப்பதாகவே கண்ட்ரோலர் நினைத்துக் கொள்ளும்.

சக்கரம் உதறி உறுமினால், மோட்டார் வயர்கள் இடம் மாறி இருக்கலாம், அல்லது உள்ளே உள்ள உணர் கருவி பழுதாகி இருக்கலாம்.

நிற்கும்போது மீட்டர் 50 வோல்ட் காட்டுகிறது, திருகியதும் 40-க்கு விழுகிறது என்றால், கூட்டத்தில் ஏதோ ஒரு செல் சவலைப் பிள்ளை. அதைக் கண்டுபிடிக்காமல் மோட்டாரைக் குறை சொல்லிப் பயன் இல்லை.

ஆபத்தான கோளாறுகளும் உண்டு. திராட்டிலில் மூன்று வயர். அதில் தரை வயர் அறுந்தால், திருகாமலே வண்டி பறக்கலாம்! கையில் உடனே அணைக்கும் சுவிட்ச் இல்லை என்றால் எதிரே வருகிறவர் கதி என்ன?

இன்னொன்று, மோட்டாரின் அச்சு. மோட்டார் இழுக்கும்போது அச்சு எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்த இரும்புப் பட்டை வைக்காவிட்டால், அச்சு சுழன்று வயரை அறுத்து விடும்.

48 வோல்ட் வண்டி 1,000 வாட் எடுத்தால் வயரில் ஓடுவது சுமார் 21 ஆம்பியர். மேட்டில் ஏறினால் இன்னும் அதிகம். டியூப் லைட்டுக்குப் போடும் வயரை இதற்குப் போட்டால் உருகாமல் என்ன செய்யும்? தளர்ந்த முனைகளும், பியூஸ் இல்லாத இணைப்பும் இதே ஜாதிதான். பக்கத்து வீட்டு 60 வோல்ட் சார்ஜரை இரவல் வாங்கி 48 வோல்ட் பேட்டரிக்குப் போடுவதோ, வலியப் போய் ஆபத்தை அழைப்பது.

வேலூர் கொடுமை

2022 மார்ச் மாதம் வேலூரில், வீட்டில் இரவில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்தது. புகையில் சிக்கித் தந்தையும், 13 வயது மகளும் இறந்தனர். அது வீட்டில் மாற்றிய வண்டி அல்ல. கடையில் வாங்கிய புது வண்டி!

அந்த ஆண்டு நாட்டில் பல இடங்களில் தீ விபத்துகள் நடந்ததால் மத்திய அரசு நிபுணர் குழு அமைத்தது. பேட்டரிக்கான விதிகள் கடுமையாயின. 2022 டிசம்பர் 1-லும், 2023 மார்ச் 31-லும் இரண்டு கட்டமாக அவை அமலுக்கு வந்தன. கம்பெனி பேட்டரிக்கே இத்தனை சோதனை. திண்ணையில் கட்டிய பேட்டரிக்கு என்ன சோதனை?

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டம் கதவைச் சாத்தி விடவில்லை. பழைய வண்டியை மின்சார வண்டியாக மாற்றலாம். ஆனால் பொருத்தும் சாமான் தொகுப்பு, அரசு அங்கீகரித்த சோதனைக் கூடத்தில் சான்று பெற்றதாக இருக்க வேண்டும். அப்படி ஒரு கூடம் சென்னை அருகே ஒரகடத்தில் இருக்கிறது. பிறகு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, ஆர்.சி.யில் மாற்றத்தைப் பதிய வேண்டும்.

இதைச் செய்யாமல் ஓட்டினால், மோட்டார் வாகனச் சட்டம் 182-ஏ பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5 ஆயிரம் அபராதம், அல்லது இரண்டும்.

அதை விடப் பெரிய அடி இன்சூரன்சில். ஆர்.சி.யில் "பெட்ரோல்" என்று இருக்கும். வண்டியில் பேட்டரி இருக்கும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்க இடம் உண்டு. அடிபட்டவருக்குக் கொடுத்த நஷ்ட ஈட்டை வண்டிக்காரரிடமே திருப்பிக் கேட்கவும் வழி உண்டு. கிலோ மீட்டருக்கு 65 காசு மிச்சம் பிடித்தவர், கடைசியில் வீட்டை விற்க நேரலாம்!

250 வாட்டுக்குக் குறைந்த மோட்டார், 25 கிலோ மீட்டருக்குக் குறைந்த வேகம் என்ற ரக வண்டிக்குப் பதிவும் இல்லை, லைசென்சும் வேண்டாம். அதற்கும் சோதனைச் சான்று உண்டு. சான்றைக் கேட்டு வாங்குவது நல்லது.

யார் வழி செய்வது?

சோதனைச் செலவு, ஆயிரக்கணக்கில் சாமான் விற்கும் கம்பெனிக்குத் தாங்கும். ஒரே ஒரு வண்டியை மாற்றும் ஒர்க்‌ஷாப்காரருக்கோ, குமாஸ்தாவுக்கோ தாங்காது. அதனால்தான் வேலை திருட்டுத்தனமாக நடக்கிறது. திருட்டுத்தனமாக நடப்பதால்தான் பி.எம்.எஸ்.சும் இல்லை, பியூசும் இல்லை.

தாலுகா தோறும் இரண்டு மெக்கானிக்குகளுக்கு ஐ.டி.ஐ.யில் பயிற்சி கொடுத்து, சான்று பெற்ற சாமானை மட்டும் மாட்ட அனுமதிக்கலாம். எந்த வண்டிக்கு எந்தச் சாமான் செல்லும் என்ற பட்டியலைப் போக்குவரத்து அலுவலகப் பலகையில் தமிழில் எழுதி ஒட்டலாம். இதற்குப் பெரிய செலவு இல்லை.

அதுவரை, மாற்றத் துடிப்பவர்கள் மோட்டார் விலையை விசாரிக்கும் முன், "சான்று எங்கே?" என்று கேட்கட்டும். காட்ட மறுக்கிற கடைக்கு ஒரு கும்பிடு போட்டு விட்டுத் திரும்பி விடுவதே மேல்.