எங்கோ போர், இங்கே விலை

(மூன்றாம் ஆண்டு இளநிலை வேதியியல் மாணவன்)

2022-ஆம் ஆண்டு. மேட்டூர் அணை வழக்கமான சூன் 12-ஆம் நாளுக்குக் காத்திராமல், மே 24-ஆம் நாளே திறக்கப்பட்ட ஆண்டு. தண்ணீர் முன்னதாக வந்த மகிழ்ச்சியில் எங்கள் ஊரில் குறுவைக்கு உழவு சுறுசுறுப்பாக நடந்தது. நான் அப்போதுதான் பதினோராம் வகுப்புத் தேர்வை எழுதி முடித்திருந்தேன். ஒரு நாள் மாலை உரக்கடையிலிருந்து திரும்பிய என் தந்தை சைக்கிளைத் திண்ணையோரம் சாய்த்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்தபடி என்னைக் கேட்டார்: "ஏந்தம்பி, நீ கெமிஸ்ட்ரிதானே படிக்கிற? ருஷ்யாக்காரன் எங்கேயோ சண்டை போட்டா, நம்ம ஊர்ல பொட்டாஷ் மூட்டை எதுக்கு ஆயிரத்து எழுநூறு ஆவுது?"

என்னிடம் விடை இல்லை. பொட்டாசியத்தின் அணு எண் 19 என்று எனக்குத் தெரியும். தீச்சுடரில் இளம் ஊதா நிறம் காட்டும் என்று தெரியும். ஆனால் அது எந்த மண்ணிலிருந்து தோண்டப்படுகிறது, எந்தத் துறைமுகத்தில் கப்பலேறுகிறது என்பது தெரியாது. அன்று தலைகுனிந்து நின்றவன் இன்று காலம் கடந்து எழுதும் விடையே இக்கட்டுரை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பொருளின் வாய்பாட்டை மட்டும் கற்று, அது நம்மை வந்தடையும் வழியைக் கல்லாத வேதியியல் அரைகுறை வேதியியலே ஆகும். அந்த அரைகுறைக்கு விலை கொடுப்பவன் மாணவன் அல்லன், உழவன்.

முதலில் பொட்டாஷையே எடுத்துக்கொள்வோம். இது தொழிற்சாலையில் காய்ச்சி வடிக்கும் பொருளன்று; பூமிக்கடியில் பண்டைக் கடல்கள் வற்றி விட்டுச் சென்ற உப்பு. இயற்கை அதனை எல்லா நாடுகளுக்கும் சமமாகப் பங்கிட்டுக் கொடுக்கவில்லை. கனடா, ருஷ்யா, பெலாரஸ் ஆகிய மூன்று நாடுகளே உலகச் சந்தைக்குப் பெரும்பகுதியை வழங்கி வந்தன. பின் இரண்டின் பங்கு மட்டும் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு. நாம் பயிருக்கு இடும் பொட்டாஷோ ஏறத்தாழ முழுவதும் கடல் கடந்து வருவது.

பெலாரஸுக்குக் கடற்கரை கிடையாது. அதன் உப்பு ரயிலேறி, அண்டை நாடான லித்துவேனியாவின் கிளைபேடா துறைமுகத்தை அடைந்து, அங்கேதான் கப்பலேறியது. பெலாரஸ் ஆட்சியின் மீது மேலைநாடுகள் விதித்த தடைகளின் தொடர்ச்சியாக, 2022 பிப்ரவரி 1-ஆம் நாள் லித்துவேனியா அந்த ரயில் வழியை அடைத்தது. அம்மாதம் 24-ஆம் நாள் ருஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்தன. சுரங்கத்தில் உப்பு இருந்தது. தோண்ட ஆளும் இருந்தார்கள். வெளியே கொண்டுவரும் வழிதான் அடைபட்டது.

அடுத்தது யூரியா. இதன் தாய் அம்மோனியா. காற்றிலிருக்கும் நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் உயர் அழுத்தத்தில், இரும்பு வினையூக்கியின் துணையோடு சேர்த்தால் அம்மோனியா கிடைக்கும் என்பதை ஹேபர் முறை என்ற பெயரில் நாம் அனைவரும் தேர்வில் எழுதியிருக்கிறோம். நைட்ரஜன் காற்றில் இலவசம். ஹைட்ரஜன் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து. அந்த எரிவாயுவே ஆலைக்கு மூலப்பொருள், அதுவே எரிபொருள். ஆகவே அம்மோனியாவின் அடக்க விலையில் பெரும்பகுதி எரிவாயுவின் விலைதான். எரிவாயுக் குழாயின் மீது கைவைக்கும் எவனும் உழவனின் வயலின் மீதும் கைவைக்கிறான்.

இது புதிய கதையன்று. 1914-இல் முதல் உலகப்போர் மூண்டபோது, உலகத்தின் நைட்ரேட் உப்பு பெரும்பாலும் தென்னமெரிக்காவில், சிலி நாட்டின் அடகாமா பாலைவனத்திலிருந்தே வந்தது. பயிருக்கு உரமும் அதுவே; பீரங்கிக்கு வெடிமருந்தும் அதுவே. அவ்வாண்டு டிசம்பரில் பால்க்லாந்து தீவுகளருகே ஜெர்மானியக் கப்பற்படை முறியடிக்கப்பட்டது. பிரிட்டனின் கடல் முற்றுகையும் இறுகியது. ஜெர்மனிக்குச் சிலியின் உப்பு எட்டாக்கனியாயிற்று. ஆயினும் போர் உடனே நின்றுவிடவில்லை. ஏனெனில் பிரிட்ஸ் ஹேபர் ஆய்வுக்கூடத்தில் கண்ட முறையைக் கார்ல் போஷ் பெருக்கி அமைத்த ஓப்பாவ் ஆலை 1913-இலேயே இயங்கத் தொடங்கியிருந்தது. அம்மோனியாவை நைட்ரிக் அமிலமாக்கி வெடிமருந்து செய்தார்கள். பயிரை வளர்க்கப் பிறந்த ஆலை போரை வளர்த்தது.

போர் முடிந்த பிறகு அம்முறை உலகமெங்கும் பரவியது. சிலியின் உப்புத் தொழில் சரிந்தது. ஒரு காலத்தில் தொழிலாளர் நிறைந்திருந்த ஹம்பர்ஸ்டோன் போன்ற பாலைவன ஊர்கள் பிற்காலத்தில் ஆளற்றுப் போயின. வாங்குகிறவன் மட்டும் போரினால் துன்புறுவதில்லை. விற்கிறவனும் வாழ்விழக்கிறான் என்பதற்கு அந்த ஊர்களே சாட்சி.

நூறாண்டுகள் கழிந்தன. ருஷ்யாவின் தோல்யாட்டி நகரிலிருந்து உக்ரைனின் ஒதேசா வரை 2,400 கிலோமீட்டருக்கும் நீண்ட அம்மோனியாக் குழாய் ஒன்று உண்டு. ஆண்டுக்கு ஏறத்தாழ 25 லட்சம் டன் அம்மோனியாவைக் கருங்கடலுக்குக் கொண்டுவரும் ஆற்றல் அதற்கு இருந்தது. போர் தொடங்கியதும் அது நின்றது. 2023 சூனில் கார்க்கிவ் பகுதியில் குழாயே வெடித்துச் சேதமடைந்தது. இதற்கிடையே ருஷ்ய எரிவாயு குறைந்த ஐரோப்பாவில் எரிவாயு விலை 2022 ஆகஸ்டில் என்றும் காணாத உயரத்தைத் தொட்டது. அம்மோனியா செய்வதைவிட ஆலையை மூடி வைப்பதே மேல் என்று பல ஆலைகள் உற்பத்தியைக் குறைத்தன.

இங்கே நாம் ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். ருஷ்ய உரத்தை யாரும் வாங்கக்கூடாது என்று அமெரிக்கா தடை போடவில்லை. உரத்துக்கு விலக்கே அளித்தது. 2022-23-இல் இந்தியா ருஷ்யாவிடமிருந்து முன்னைவிட அதிகமாகவே உரம் வாங்கியது. அப்படியிருந்தும் விலை ஏன் ஏறியது? கப்பலுக்குக் காப்பீடு செய்வோர் தயங்கினர். வங்கிகள் பணம் அனுப்ப அஞ்சின. நாளை கிடைக்குமோ கிடைக்காதோ என்று ஒவ்வொரு நாடும் இன்றே வாங்கிச் சேர்க்க முற்பட்டது. சீனம் 2021 அக்டோபரிலேயே தன் உர ஏற்றுமதிக்குக் கடிவாளம் போட்டிருந்தது. 2020-இல் டன் ஒன்றுக்கு 250 டாலருக்கும் குறைவாக விற்ற யூரியா, 2022 ஏப்ரலில் உலகச் சந்தையில் 900 டாலரைத் தாண்டியது. பற்றாக்குறை வாசலுக்கு வரும் முன்பே அதன் அச்சம் வீட்டுக்குள் வந்து அமர்ந்துவிடுகிறது. அந்த அச்சத்தின் பெயர்தான் விலை.

"நம் நாட்டில் யூரியா மூட்டை ரூ. 266.50 என்ற அதே விலையில்தானே கிடைத்தது? போர் நம்மை எங்கே தீண்டியது?" என்று நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. உலக விலையில் கணக்கிட்டால் 45 கிலோ மூட்டை அன்றைக்கு மூவாயிரம் ரூபாயை நெருங்கும். எஞ்சியதை அரசு மானியமாகக் கொடுத்தது. 2019-20-இல் ஏறத்தாழ 81 ஆயிரம் கோடி ரூபாயாக இருந்த உர மானியம் 2022-23-இல் இரண்டரை லட்சம் கோடியாக உயர்ந்தது. இந்தப் பணம் வானத்திலிருந்து கொட்டியதன்று; நம் அனைவரின் வரிப்பணம். அரசு அவ்வாறு தாங்கியிராவிடில் உழவு நின்றிருக்கும் என்பதையும் நான் மறுக்கவில்லை.

ஆனால் தீங்கு வேறொரு வாசல் வழியாக நுழைந்தது. யூரியாவின் விலை கட்டுக்குள் நின்றது; பொட்டாஷின் விலை ஏறியது. டி.ஏ.பி. மூட்டையும் ரூ. 1,200-இலிருந்து ரூ. 1,350 ஆயிற்று. கையில் காசில்லாத உழவன் என்ன செய்வான்? மலிவானதை அள்ளிப் போடுவான். விலை மிகுந்ததை விட்டுவிடுவான். என் தந்தையும் அந்தக் குறுவைக்கு யூரியாவைக் கூட்டிப் பொட்டாஷை விட்டார். பயிர் கண்ணைப் பறிக்கும் கரும்பச்சையாக வளர்ந்தது. பார்த்தவர்களெல்லாம் பாராட்டினார்கள். பின்னர் இலைச்சுருட்டுப் புழு விழுந்தது. கதிர் முற்றும் வேளையில் அடித்த ஒரு காற்றுக்குப் பாதி வயல் சாய்ந்தது. தழைச்சத்து மிகுந்து சாம்பல்சத்து குறைந்தால் தண்டு வலுவிழக்கும் என்பது வேளாண் பாடம். கிளைபேடாவில் அடைபட்ட வழி, காவிரிக் கரையில் சாய்ந்த பயிராக முடிந்தது.

இதற்குத் தீர்வு என்ன? "எல்லாவற்றையும் நாமே செய்வோம்" என்று மேடையில் முழங்குவது எளிது. நம் மணலி உர ஆலையைப் பாருங்கள். 2019-இல் அது நாப்தாவை விட்டு இயற்கை எரிவாயுவுக்கு மாறியது. எண்ணூர் முனையத்தில் கப்பலில் வந்து இறங்கும் திரவ எரிவாயுவே அதற்கு ஆதாரம். மூட்டையில் சென்னை என்று அச்சிட்டிருக்கலாம். அதன் ஹைட்ரஜன் கடல் கடந்தது. ஆலை நம்முடையதாக இருந்தால் மட்டும் போதாது. மூலப்பொருளின் வழியும் நம் கையில் இருக்க வேண்டும்.

அதற்கு வழியே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. 1960-களின் தொடக்கத்தில் பஞ்சாபின் நங்கலில், பக்ரா அணையின் மின்சாரத்தால் நீரைப் பகுத்து ஹைட்ரஜன் எடுத்து, அதிலிருந்து உரம் செய்தோம். பின்னர் மின்சாரம் அரிதாகி எண்ணெய் மலிவாகத் தோன்றியபோது அம்முறையைக் கைவிட்டோம். இன்று காற்றாலையும் கதிரவன் ஒளியும் மலிந்திருக்கும் தமிழ்நாட்டில் அந்தப் பழைய வழியை மீண்டும் எண்ணிப் பார்க்கலாம். செலவு கூடுதல் என்பது உண்மை. ஆயினும் செலவைக் கணக்கிடும்போது அமைதிக் காலத்து எரிவாயு விலையை மட்டுமே எதிரில் வைத்து ஒப்பிடுவது சரியான கணக்காகுமா? போர் வரும் ஆண்டின் விலையையும் அதில் சேர்க்க வேண்டாமா?

பொட்டாஷுக்கு அந்த வழியும் இல்லை. இல்லாத சுரங்கத்தைத் தோண்ட முடியாது. பல நாடுகளிடம் வாங்குவதும், இருப்பு வைப்பதும், மண்ணைச் சோதித்துத் தேவையான அளவே இடுவதும், இருப்பதை வீணாக்காமல் காப்பதுமே நம்மால் இயன்றவை. நெற்பயிர் உறிஞ்சும் பொட்டாசியத்தில் பெரும்பகுதி நெல்மணிக்குப் போவதில்லை, வைக்கோலிலேயே தங்குகிறது. இன்று அறுவடை இயந்திரம் போனதும் வைக்கோலைக் கட்டுக்கட்டாகச் சுருட்டி வெளியூருக்கு விற்றுவிடுகிறோம். கடல் கடந்து காசு கொடுத்து வாங்கிய உப்பை லாரியிலேற்றி அனுப்பிவிட்டு, மறுபோகத்துக்கு மீண்டும் கடை வாசலில் நிற்கிறோம்.

இறுதியாக, பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். ஹேபர் முறையின் வெப்பநிலையையும் அழுத்தத்தையும் கற்பிக்கும் அதே வகுப்பில், ஒரு மணி நேரமேனும் ஓர் உலக வரைபடத்தை மாட்டுங்கள். இந்தப் பொருள் எங்கே கிடைக்கிறது, எந்த நீரிணையைக் கடக்கிறது, அந்த வழி அடைபட்டால் யார் தவிப்பார் என்று எங்களைக் கேளுங்கள். மாணவத் தோழர்களே, ஆய்வுக்கூடத்துப் புட்டியின் மேலொட்டிய சீட்டை ஒருமுறை திருப்பிப் படியுங்கள். அதில் வாய்பாடு மட்டுமா இருக்கிறது?

சென்ற பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, என் தந்தையிடம் இவற்றையெல்லாம் விரிவாக எடுத்துரைத்தேன். பெலாரஸ், கிளைபேடா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். வைக்கோல் பற்றிச் சொன்னபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதான் எங்கப்பா அடுப்புச் சாம்பலைக் கூட வீணாக்காம வயலுக்குக் கொண்டுபோனாரா? பேருலயே சாம்பல்சத்துன்னு இருக்கே, தம்பி" என்றார்.

மூன்றாண்டு படித்தும் அந்தப் பெயரின் பொருளை நான் எண்ணிப் பார்த்ததில்லை. இந்த ஆண்டு எங்கள் வயல் வைக்கோலில் பாதியை விற்கவில்லை. மண்ணிலேயே மடக்கி உழுதிருக்கிறோம்.