ஓர் எண்ணும் ஓர் எண்வரிசையும்

எண் பொய் கூறாது என்பர். ஆயினும் தனித்து நிற்கும் எண் முழு உண்மையையும் கூறுவதில்லை என்பது எமது துணிபு. புராஸ்டேட் சுரப்பியிற் புற்றுநோய் கண்டு சிகிச்சை பெற்றோர் நிலையே இதற்குச் சான்றாகும்.

இச்சுரப்பி பி.எஸ்.ஏ. என்னும் புரதத்தை உண்டாக்குகின்றது. அதிற் சிறிதளவு இரத்தத்திற் கலக்கும். சுரப்பியை அறுத்து நீக்கிவிடின், அவ்வளவு சில வாரங்களில் ஏறக்குறைய இல்லையென்னும் நிலைக்குத் தாழும். கதிர்ச் சிகிச்சையிலோ, சுரப்பி உடலிலேயே இருத்தலின், அது பல மாதங்கள் மெல்லக் குறைந்தே அடிமட்டம் எய்தும். இடையே நோய் மீளாதிருக்கவும் சற்று உயர்ந்து, தானே தணிதலும் உண்டு. நோய் மீளுங்காலும் முதற்கண் தோன்றுவது இத்தகைய உயர்வே. நோயாளி எதனைக் கொண்டு தேறுவார்?

அமெரிக்க வல்லுநர் 1996-இல், தொடர்ந்து மும்முறை உயர்தலை நோய் மீண்டதற்கு அடையாளமாகக் கொண்டனர். தணியக்கூடிய உயர்வும் அவ்விதியில் அகப்பட்டது. ஆதலின் 2005-இல் அரிசோனா மாகாணத்துப் பீனிக்ஸ் நகரிற் கூடி, அடிமட்டத்தினும் மில்லிலிட்டருக்கு 2 நானோகிராம் உயர்தலே அடையாளம் எனத் திருத்தினர்.

பலரை ஒருங்கு வைத்து ஒப்பிடுதற்கு இவ்விதி நன்று. ஒருவரது வருங்காலத்தை உரைத்தற்குப் போதாது. 1.9 உயர்ந்தவர் நலமுடையர், 2.1 உயர்ந்தவர் நோயாளர் எனல் அறிவுக்கு ஒக்குமோ? புள்ளியியலார் வேறு வழி கண்டனர். ஒவ்வொருவரது அளவுகளின் இறக்கத்தையும் ஏற்றத்தையும் ஒரு வளைகோடாக அமைத்து, முன்னர்ச் சிகிச்சை பெற்ற பலரது வரலாற்றோடு அதனை இணைத்து, இவருக்கு நோய் மீளும் நிகழ்தகவு இவ்வளவு எனக் கணிக்கின்றனர். புதிய அளவு வருந்தோறும் கணிப்பும் திருந்தும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் இத்துறையில் ஆற்றிய பணி பாராட்டற்பாலது.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. அவசரப்பட்டு ஹார்மோனை அடக்கும் சிகிச்சை தொடங்கின், எலும்பும் தசையும் நலியும். காலந் தாழ்த்தின், நோய் பரவவுங் கூடும். கணிப்பும் பிழைபடுமே எனின், மெய்யே. ஆகவே கணிப்போர் தம் ஐயத்தின் அளவையும் உடன் கூறுதல் கடன். அதனை நோயாளிக்கு விளங்க உரைத்தல் மருத்துவர் கடன்.

நம் பழைய மாணவருள் இச்சிகிச்சை பெற்றோர் உளராயின், ஒவ்வோர் அறிக்கையையும் தேதியோடு பேணி வைப்பாராக. ஓர் எண் கண்டு அஞ்சாது, முழு வரிசையையும் மருத்துவர்முன் வைப்பாராக. கணிதம் பயிலும் நம் இளைஞரும், தாம் வரையும் ஒவ்வொரு வளைகோட்டின் பின்னும் ஒரு மனிதர் விடைக்குக் காத்திருத்தலை மறவாதிருப்பாராக.