மீட்டரைக் குறைப்பது திறமை அல்ல, திருட்டு

கொஞ்சம் நீளமான பதிவு. ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்க நினைப்பவர்களும், வண்டித் தொழிலில் இருக்கும் என் மாணவர்களும் கடைசிவரை படியுங்கள்.

"மீட்டரைக் கொஞ்சம் குறைச்சுத்தான் சார் விக்கிறோம், எல்லாரும் செய்யறதுதானே?" என்று என்னிடம் படித்த ஒருவரே சிரித்துக்கொண்டு சொன்னார். அவருக்கு என் பதில் இது. மார்க் ஷீட்டில் 35ஐ 85 ஆக்கினால் அதற்கு என்ன பெயர் என்று உனக்குத் தெரியும். 85,000 கிலோமீட்டரை 35,000 ஆக்கினாலும் அதே பெயர்தான்.

ஆர்.சி. புத்தகத்தில் இருப்பது வண்டியின் பிறப்புக் கணக்கு. அது உழைத்த கணக்கு ஓடோமீட்டரில்தான் இருக்கிறது. பழைய வண்டிகளில் சக்கரத்தோடு சேர்ந்து ஒரு கேபிள் சுற்றும். மீட்டருக்குள் ஓர் எண் வளையம் முழுச் சுற்று வந்தால் அடுத்த வளையம் ஓர் எண் நகரும். வகுப்பில் சொன்ன இடமதிப்புதான். இன்றைய டிஜிட்டல் மீட்டரில் அந்த எண் ஒரு சிறு சில்லின் நினைவகத்தில் இருக்கிறது. லேப்டாப்பும் ஒரு ஒயரும் இருந்தால் மாற்றிவிடுகிறார்கள்.

"இதனால் யாருக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு காரின் டைமிங் பெல்ட்டை 1,00,000 கிலோமீட்டரில் மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் ஓடியது 90,000. மீட்டரில் வைத்தது 40,000. வாங்கியவர் இன்னும் 60,000 இருக்கிறது என்று நம்புவார். மிச்சம் இருப்பதோ 10,000. குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் போகும்போது பெல்ட் அறுந்தால் யார் பொறுப்பு? இன்னொரு நஷ்டமும் உண்டு. மீட்டரைத் தொடாமல் 80,000 என்று காட்டி விற்கும் நேர்மையானவரின் வண்டிக்குத்தான் விலை விழுகிறது.

நம் ஊருக்கு இது கூடுதல் ஆபத்து. அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் வண்டி செய்கிற ஊர் ஓசூர். ஆனால் சிப்காட்டில் ஷிப்ட் பார்க்கும் பையன் புது வண்டி வாங்க முடியாமல் கன்சல்டிங்கில் பழையதைத் தேடுகிறான். அத்திப்பள்ளியைத் தாண்டி கேஏ 51 வண்டி வருகிறது. என்ஓசி வாங்கி, சாலை வரி கட்டி, டிஎன் 70 ஆகிறது. சேஸிஸ் எண், என்ஜின் எண், கடன் பாக்கி எல்லாம் கேட்கிறார்கள். பெயர் மாற்றும் படிவம் 29, 30 இரண்டிலும் கிலோமீட்டருக்கு ஒரு கட்டம்கூட இல்லை. சர்வீஸ் செய்த கடை கர்நாடகத்தில், வாங்குபவர் தமிழ்நாட்டில். பொய் சொல்ல இதைவிட வசதி வேண்டுமா?

மளிகைக் கடைத் தராசுக்கும் ஆட்டோ மீட்டருக்கும் அரசு முத்திரை உண்டு. பல மாதச் சேமிப்பைக் கொட்டி வாங்கும் வண்டியின் ஓட்டத்துக்குச் சாட்சி இல்லை. 2023 ஏப்ரல் 1 முதல், பழைய வண்டி விற்கும் டீலர் தன் கையில் இருக்கும் வண்டியின் பயணங்களைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று மத்திய அரசு விதி வந்தது. நல்லதுதான். ஆனால் டீலர் கைக்கு வருவதற்கு முன்பே குறைத்த மீட்டரை அது என்ன செய்யும்? ஏமாற்றினால் பாரதிய நியாய சன்ஹிதா 318 இருக்கிறது என்பார்கள். பழைய எண் எங்கும் பதிவில் இல்லையென்றால் ஏமாந்தவர் எதை வைத்து நிரூபிப்பார்?

அமெரிக்காவில் 1972லேயே இதற்குத் தனிச் சட்டம் வந்தது. 1987இல் கிரைஸ்லர் கம்பெனி மாட்டிக்கொண்டது. அதிகாரிகள் மீட்டரைத் துண்டித்துவிட்டு ஓட்டிய 60,000க்கும் மேற்பட்ட கார்களைப் புதியவை என்று விற்றதாக வழக்கு. தலைவர் லீ அயகோக்கா பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். பெல்ஜியத்தில் 2006 முதல் 'கார்பாஸ்' முறை இருக்கிறது. ஒவ்வொரு ஒர்க்‌ஷாப்பும் கிலோமீட்டரைப் பதிவு செய்ய வேண்டும். அந்தச் சான்று இல்லாமல் பழைய கார் விற்க முடியாது.

நமக்கு இது பெரிய செலவும் இல்லை. புகைச் சான்று, இன்சூரன்ஸ், எஃப்.சி., பெயர் மாற்றம் என ஒவ்வொரு முறையும் மீட்டரைப் போட்டோ எடுத்து 'வாஹன்' தளத்தில் ஏற்றினால் போதும். கூடும் எண் திடீரென்று குறைந்தால் கம்ப்யூட்டரே காட்டிக்கொடுக்கும். இதைக் கேட்டு நாம் மனு எழுத வேண்டும்.

அதுவரை, வாங்குபவர்கள் வண்டி எண்ணைச் சொல்லி கம்பெனி சர்வீஸ் பதிவைக் கேளுங்கள். பெடல் ரப்பர், ஸ்டியரிங் தேய்மானத்தைப் பாருங்கள். டயரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் தயாரானது. வண்டி 2016, மீட்டரில் 15,000, டயர் 2019 என்றால், இவ்வளவு குறைவாக ஓடிய வண்டிக்கு டயரை ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள்.

ஒர்க்‌ஷாப்பிலும் கன்சல்டிங்கிலும் இருக்கும் என் மாணவர்களே, அடுத்த முறை யாராவது ஒயரை நீட்டி "குறைச்சுக் கொடு" என்றால், "முடியாது" என்று சொல்லுங்கள். நாளை அந்த வண்டியில் போகப்போவது உங்கள் தம்பியாகவும் இருக்கலாம்.